அஞ்சேல் பட்டையும் மின்கம்பக் கவிதையும்

'அஞ்சேல்' பட்டையை உருவாக்கிய குழுவில் அர்த்தநாரியும் ஒருவன் என்று சொன்னால் அவனை அறிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். ஓட்டலில் சாம்பாருக்குள் ஈ கிடந்தால், ஈயை எடுத்து இலையோரம் வைத்துவிட்டு, "சாம்பார் நல்லாருக்குதுங்க" என்று சப்ளையரிடம் சொல்லிவிட்டு வருகிற ஆள் அவன். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் இவன் மன்னிப்புக் கேட்பான். அப்பேர்ப்பட்டவன்தான் நாட்டு மக்களின் தயக்கத்தைப் போக்கும் கருவிக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தான். சிரிப்பு வருகிறதா? வரட்டும். கூச்சத்தைப் பற்றிக் கூச்சப்படுகிறவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

நடுரோட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார். சுற்றி நூறு பேர். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்திலேயே நெஞ்சை அமுக்கிப் பிழைக்கவைக்கும் முதலுதவியைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், நூறு பேருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவனும் குனிய மாட்டான். வேறு யாராவது வருவார்கள் என்று ஒருவன், தப்பாக அமுக்கிவிட்டால் என்ன ஆகும் என்று இன்னொருவன், முன்பின் தெரியாத ஆளை எப்படித் தொடுவது என்று மூன்றாமவன். ஆள் மட்டும் போய்ச் சேர்ந்துவிடுவார். இதற்குத்தான் அஞ்சேல் பட்டை வந்தது. எல்லோரும் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சட்டம். பக்கத்தில் யாருடைய இதயமாவது நின்றால், சுற்றியிருப்பவர்களின் பட்டையெல்லாம் பச்சையாக எரியும். தோல் வழியாகச் சுருக்கென்று ஒரு மின்னோட்டம் ஏறும். அதன் பிறகு பத்து நிமிடம் பட்டை கட்டியவருக்குத் தயக்கம் என்பதே இருக்காது. சோதனைக்கூடத்தில் வைத்துப் பார்த்தார்கள். முன்பின் தெரியாதவர்களை ஒரு அறையில் உட்காரவைத்து, ஒருவரை விழுவதுபோல் நடிக்கவைத்தார்கள். பட்டை எரிந்ததும் அத்தனை பேரும் நான் முந்தி நீ முந்தி என்று பாய்ந்தார்கள். நடித்தவருக்கு மூச்சுத் திணறியதுதான் மிச்சம்.

அர்த்தநாரிக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. தயக்கம் போகும், சரி. எந்தத் தயக்கம்? மனுஷனுக்கு ஒரு தயக்கம் மட்டுமா இருக்கிறது? குழுவின் கூட்டத்தில் இதைக் கேட்டுவிடலாம் என்று கையைப் பாதி தூக்கினான். தலைமைப் பொறியாளர் திரும்பிப் பார்த்தார். தூக்கிய கையால் தலையைச் சொறிந்துவிட்டுக் கீழே போட்டுவிட்டான்.

கேட்கவில்லையே ஒழிய, தன்னளவில் ஜாக்கிரதையாக இருந்தான். ஜாங்கிரி டப்பாவின் மூடியிலிருந்து சின்னதாக ஒரு பிளாஸ்டிக் துண்டை நறுக்கி, தன் பட்டைக்கும் தோலுக்கும் நடுவே செருகி வைத்துக்கொண்டான். பட்டை எரியும், ஆனால் சுருக்கென்று ஏறாது. காரணம் அவனுடைய மாமனார்.

மாமனார் சென்னியப்பன் மின்வாரியத்தில் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனுஷன். ஒரே ஒரு குறை, கவிதை எழுதுவார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், எழுதியதைப் படிப்பார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாப்பிள்ளையை எதிரே உட்காரவைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார். அவருடைய தலைசிறந்த படைப்பு என்று அவரே சொல்லிக்கொள்வது இது:

மின்கம்பமே மின்கம்பமே
மேலே என்ன செய்கின்றாய்?
தென்னையோ நீ, பனையோ நீ?
தேங்காய் ஏனோ தரவில்லை?

கல்யாணமாகி ஆறு வருடமாக இதற்கு அர்த்தநாரி சொல்லிவருகிற பதில், "அருமைங்க மாமா." பட்டை எரிந்து பத்து நிமிடம் வாய்ப்பூட்டு கழன்றால் என்ன சொல்லித் தொலைப்போமோ என்று பயந்தான். பெரியவர் மனசு உடைந்துபோகும். மேகலை பிறந்த வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிவிடுவாள். அதனால்தான் அந்த ஜாங்கிரி டப்பாத் துண்டு.

இந்த நிலையில்தான் மேகலையின் சித்தப்பா மகனுக்குக் கோபிச்செட்டிபாளையத்தில் கல்யாணம் வந்தது.

மண்டபம் நிறைய ஒறம்பரை, அத்தனையும் சொந்தபந்தம். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் தானாக உருளுகிற வண்டிகள் எல்லாம் வந்துவிட்ட காலம்தான். ஆனாலும் சாப்பிடுகிறவனுக்குப் பின்னால் நின்று எப்போது எழுந்திருப்பான் என்று முறைக்கிற வழக்கத்தை எந்த விஞ்ஞானமும் மாற்றவில்லை. தாலி கட்டியானது. சென்னியப்பன் மேடையேறி, மணமக்கள் மின்கம்பம் போல நிமிர்ந்து வாழ வேண்டும் என்று ஒரு வாழ்த்துப்பா படித்தார். கைதட்டியது அர்த்தநாரி மட்டும். இறங்கி வந்தவர் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார், நெற்றியைத் துடைத்தார், "என்னமோ பண்ணுதுங்க மாப்ளே" என்றார். அப்படியே சரிந்து கீழே விழுந்தார்.

கூட்டம் கூடிவிட்டது. நம் ஊர்க் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவா வேண்டும்!

"காத்து வுடுங்க, காத்து வுடுங்க!" என்று கத்திக்கொண்டே ஒருவர் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தார்.

"அக்கட்ட போங்கப்பா, கூட்டம் போடாதீங்க!" என்று இன்னொருவர் இரண்டு பேரை இடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார். ஒருவர் சோடா வாங்கி வந்து, யாருக்கு என்று தெரியாமல் தானே குடித்தார். ஒருவர் சாவிக்கொத்தை விழுந்தவர் கையில் திணித்தார். அது வலிப்புக்குச் செய்வது என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார், இதற்கும் கேட்கும் என்று இவர் சொன்னார்.

அப்போது மண்டபம் முழுக்கப் பட்டைகள் பச்சையாக எரிந்தன. நூற்றுக்கணக்கான மணிக்கட்டுகளில் சுருக் சுருக்கென்று ஏறியது. அத்தனை பேர் முதுகும் நிமிர்ந்தது. எல்லோர் முகத்திலும் ஒரு தெளிவு, கண்ணில் ஒரு ஒளி. அர்த்தநாரிக்கு அழுகையே வந்துவிட்டது. தான் கணக்குப் போட்ட கருவி வேலை செய்கிறது, மாமா பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தான்.

மேகலையின் வெள்ளியங்கிரிப் பெரியப்பா முதல் அடி எடுத்து வைத்தார். விழுந்து கிடந்தவரைத் தாண்டி நேராகக் கல்யாண மாப்பிள்ளையின் அப்பாவிடம் போய்ச் சட்டையைப் பிடித்தார்.

"எம்பட பையன் கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிஞ்சு பந்திக்கு மட்டும் வந்தவன்தானடா நீ! இருபது வருசமா நெஞ்சுக்குள்ள வெச்சிருக்கறேன்!"

"நீ மட்டும் என்ன பெரிய இவனா? பத்திரிகைய ஆளு கிட்டக் குடுத்து வுட்டவன்தான நீ! வெத்தல பாக்கு வெச்சு அழைச்சியா?"

அந்தப் பக்கம் ஒரு அம்மாள் இன்னொரு அம்மாளின் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினாள். "உங்க ஊட்டுத் தூக்குப்போசி, அந்தப் பித்தளப் பாத்திரம், தொலையவே இல்லீங்க. எம்பட ஊட்டுலதான் இருக்குது. வேணும்னேதான் குடுக்கல. நல்லாக் கேட்டுக்கங்க, குடுக்கவும் மாட்டேன்!"

நாதஸ்வரக்காரர் மேடை விளிம்பில் ஏறி நின்றுகொண்டார். "கல்யாணியில அரை மணி நேரம் உசுரக் குடுத்து வாசிச்சேன், ஒருத்தராச்சும் கேட்டீங்களா? கெட்டி மேளம் கெட்டி மேளம்னு வெரல ஆட்டத்தான் தெரியும் உங்களுக்கு!" போட்டோக்காரர், தன் வாழ்நாளில் ஒரு குடும்பம்கூட நிஜமாகச் சிரித்துப் பார்த்ததில்லை என்று சொல்லித் தேம்பினார்.

மணப்பெண் மாப்பிள்ளையைப் பார்த்து, "உங்க மீசை எனக்குச் சுத்தமாப் பிடிக்கலீங்க" என்றாள்.

"எனக்கும்தான். அம்மா சொன்னாங்கன்னு வெச்சிருக்கறேன்" என்றான் அவன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முதல்முறையாக ஆசையோடு பார்த்துக்கொண்டார்கள்.

மேகலை அப்பாவின் தலைமாட்டில் மண்டியிட்டிருந்தாள். கண்ணீர் தாரை தாரையாக ஓட, கிடக்கிறவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். "பெங்களூருக்குப் படிக்கப் போறேன்னு காலப் புடிச்சுக் கேட்டனேப்பா! பொட்டப்புள்ளைக்கு எதுக்குன்னு சொன்னீங்களே! எத்தன வருசமாச்சு, ஒரு வார்த்த கேட்டிருக்கறனா? இன்னிக்குக் கேக்கறேன், எந்திரிச்சுப் பதில் சொல்லுங்க!"

சென்னியப்பனின் இதயம் நின்றுபோய்க் கிடந்தது. மண்டபத்தில் அத்தனை பேரும் தைரியசாலிகள். குனிய மட்டும் ஒரு ஆள் இல்லை.

அந்த மண்டபத்திலேயே தயக்கம் பாக்கியிருந்த ஒரே ஆள் அர்த்தநாரிதான். ஜாங்கிரி டப்பாத் துண்டு அவன் பட்டையைத் தடுத்திருந்தது. மாமனாரின் காலைத்தான் இதுவரை தொட்டிருக்கிறான், நெஞ்சைத் தொட்டதில்லை. அதுவும் பட்டுச் சட்டை. பையில் கவிதை எழுதுகிற பேனா வேறு. விலா எலும்பு முறிந்தால்? தப்பாக அமுக்கி, பெரியவரைத் தானே கொன்றதாக ஆகிவிட்டால்?

ஆனால் ஒன்று. தயங்கித் தயங்கியே எல்லா வேலையையும் செய்து பழகியவன் அவன். பெண் பார்க்கப் போனதும் தயங்கித்தான், தாலி கட்டியதும் தயங்கித்தான். தயக்கம் போனால்தான் வேலை என்றிருந்தால் அவன் இதுவரை பல்கூட விளக்கியிருக்க மாட்டான். பயத்தோடேயே மண்டியிட்டான். தோளைத் தட்டி, "மாமா, மாமா" என்றான். அசைவில்லை, மூச்சில்லை. பேனாவை எடுத்துப் பத்திரமாக ஓரத்தில் வைத்தான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மாமா" என்று சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் ஒரு கை மேல் ஒரு கை வைத்து அமுக்கினான்.

வேகமாக அமுக்க வேண்டும், ஒரே தாளத்தில் அமுக்க வேண்டும் என்று படித்திருந்தான். தாளத்துக்கு எங்கே போவது? நாதஸ்வரக்காரர் சண்டையில் இருந்தார். ஒரு பாட்டும் நினைவுக்கு வரவில்லை. பயத்தில் எல்லாம் துடைத்துப்போய், ஆறு வருடம் ஞாயிறுதோறும் மண்டையில் அடித்து இறக்கியது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தான்.

"மின்-கம்-பமே! மின்-கம்-பமே! மே-லே என்-ன செய்-கின்-றாய்!"

அட! கனகச்சிதமாகப் பொருந்தியது. கவிதையில் கருத்து இல்லை, அழகு இல்லை, ஆனால் தாளம் இருந்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அர்த்தநாரிக்கு உயிரே போய் வந்தது. நிறுத்தவில்லை. "தென்-னை-யோ நீ! பனை-யோ நீ!"

"யாராச்சும் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுங்க!" என்று கத்தினான். யாராச்சும் என்றால் யார் வருவார்கள்? தூக்குப்போசி விவகாரம் அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது. அப்போதுதான் அவனுக்குப் புத்தி வந்தது. பொதுவாகக் கூப்பிட்டால் ஒருவனும் திரும்ப மாட்டான், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாராக இருந்தாலும் திரும்பியாக வேண்டும்.

"மேகலை! அப்பாவ அப்புறம் திட்டிக்கலாம். போன எடு, ஆம்புலன்சக் கூப்பிடு. நீதான், இப்பவே!"

ஆறு வருடத்தில் அவன் அவளை அதட்டியது அதுதான் முதல் தடவை. மேகலை திகைத்துப்போய் போனை எடுத்தாள்.

கை சோர்ந்துகொண்டே வந்தது. அவனுடைய சகலை பூபதி, எந்த விசேஷத்திலும் "நான் இருக்கேன், கவலைப்படாதீங்க" என்று மார்தட்டுகிறவர், ஜாங்கிரியில் பாகு போதவில்லை என்று சமையல்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"பூபதி சகலை! இங்க வாங்க, வந்து மாத்துங்க!"

பூபதி திரும்பினார். பட்டை இன்னும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. "எனக்கு நெம்பப் பயமா இருக்குதுங்க சகலை" என்றார். அத்தனை வருட மார்தட்டலும் அந்த ஒரு வரியில் இறங்கிவிட்டது.

"எனக்கும்தானுங்க. பயந்துட்டே அமுக்குங்க. தாளம் நான் சொல்றேன்."

பூபதி அமுக்கினார், அர்த்தநாரி கவிதை சொன்னான். பிறகு இவன் அமுக்கினான், அவர் சொன்னார். தேங்காய் ஏனோ தரவில்லை என்ற இடத்துக்குப் பலமுறை வந்து போனார்கள். ஆம்புலன்ஸ் ஆட்கள் பெட்டியோடு ஓடி வந்து, நெஞ்சில் ஒட்டி மின்சாரம் கொடுத்தார்கள். மின்வாரியத்துக்காரருக்கு மின்சாரம் கைகொடுக்காமல் போகுமா? இதயம் ஒரு உதறு உதறிவிட்டு ஓடத் தொடங்கியது.

பட்டைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒறம்பரை மொத்தமும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் விட்டத்தைப் பார்த்தது. வெள்ளியங்கிரிப் பெரியப்பா தான் பிடித்த சட்டையைத் தானே நீவிவிட்டார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மேகலை முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "அப்பா செத்துட்டிருக்கறாரு, நான் பெங்களூரப் பத்திப் பேசிட்டிருந்தனுங்களே! நானெல்லாம் மனுசியா?"

"உன்னச் சொல்லிக் குத்தமில்ல" என்றான் அர்த்தநாரி. "மனசுக்குள்ள தயக்கமெல்லாம் வரிசையில நிக்குது. கதவத் தொறந்தா, எது முன்னாடி வந்து நின்னுச்சோ அதுதான் முன்னாடி வெளிய போகும். உனக்கு பெங்களூரு பல வருசமா நிக்குது. அப்பாவத் தொடலாமா வேண்டாமாங்கற தயக்கம் அந்த நிமிசம்தான் வந்து கடைசியில நின்னுச்சு."

"அப்ப உங்க ஆபீசுல எப்படிங்க சரியா வந்துச்சு?"

"அங்க இருந்தவங்க யாரும் யாருக்கும் ஒறம்பரை இல்ல. வரிசையில ஒரே ஒரு தயக்கம்தான். எங்க ஆளுக யாருமே கல்யாண மண்டபத்துல வெச்சுச் சோதிக்கல." தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கு அப்பவே தோணுச்சு. கேக்கறதுக்குக் கூச்சப்பட்டுட்டேன். மாமா போயிருந்தா அது என்னாலதான்."

மேகலை நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டைக்குள் என்னவோ உறுத்தியது. இழுத்துப் பார்த்தால் ஜாங்கிரி டப்பாத் துண்டு. அவனைப் பார்த்தாள். அவன் விட்டத்தைப் பார்த்தான்.

ஆபீசில் நடந்த அடுத்த கூட்டத்தில் அர்த்தநாரி கையைத் தூக்கினான். தயங்கிக்கொண்டேதான், ஆனால் முழுக்கத் தூக்கி, மண்டபத்தில் நடந்ததைச் சொன்னான். ஊரிலிருந்த பழைய பட்டைகளையெல்லாம் திரும்ப வாங்கிவிட்டார்கள். புதுப் பட்டை யாருடைய தயக்கத்தையும் தொடுவதில்லை. இதயம் நின்றால், சுற்றியிருப்பவர்களில் ஒரே ஒருவரைப் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிடும். "நீங்கள்தான் வர வேண்டும். பயமாகத்தான் இருக்கும், பரவாயில்லை, அமுக்குங்கள்" என்று சொல்லும். அப்புறம் தாளம் கொடுக்கும். எந்தப் பத்திரிகையும் வெளியிடாத சென்னியப்பனின் கவிதை இப்போது ஊர் ஊராக மணிக்கட்டுகளில் ஒலிக்கிறது. பஸ் ஸ்டாண்டிலும் கடைவீதியிலும், முன்பின் தெரியாதவர்கள் மின்கம்பமே மின்கம்பமே என்று சொல்லிச் சொல்லி, முன்பின் தெரியாதவர்களைப் பிழைக்கவைக்கிறார்கள்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. இது சென்னியப்பன் வீடு திரும்பிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. நெஞ்சில் கட்டோடு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே மாப்பிள்ளை. பெரியவர் மடியிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து வைத்தார். ஒன்று ஆஸ்பத்திரியில் மேகலை கழற்றி வைத்துக்கொண்ட மாப்பிள்ளையின் பட்டை, இன்னொன்று ஜாங்கிரி டப்பாத் துண்டு.

"மேகலை எல்லாஞ் சொல்லிட்டாளுங்க. அவ கிட்ட பெங்களூரு விசயத்துக்கு மன்னிப்பும் கேட்டுட்டேன். இப்ப உங்க முறை. இதுல சோதனைப் பொத்தான் இருக்குதாமா. இந்தத் துண்டு இல்லாமக் கட்டிக்கங்க. நான் ஒரு கவிதை படிக்கறேன், புதுசு. எப்படி இருக்குதுன்னு சொல்லோணும்."

"மாமா, வேண்டாமுங்க..."

"கட்டுங்க மாப்ளே."

கட்டினான். பொத்தானை அமுக்கினான். பச்சை எரிந்தது, சுருக்கென்றது. பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"விலா எலும்பே விலா எலும்பே
விட்டுப் போன விலா எலும்பே
மாப்பிள்ளை கை பட்டவுடன்
மளுக்கென்றாயே ஏன் எலும்பே?"

அர்த்தநாரியின் வாய் தானாகத் திறந்தது. ஆறு வருடமாக வரிசையில் முதலாவதாக நின்றது வெளியே வந்தது. "நெம்ப மட்டமுங்க மாமா. உங்க கவிதை எதுவுமே நல்லால்லீங்க. ஒண்ணுகூட."

பெரியவர் முகம் அசையவில்லை. அடுத்ததாக நின்றதும் வெளியே வந்தது. "அன்னிக்கு உங்க நெஞ்சு மேல கைய வெச்சப்ப, இனி ஞாயித்துக்கெழம யாருமே இத எனக்குப் படிக்க மாட்டாங்களேன்னு நெனச்சனுங்க. அதுதானுங்க எனக்குப் பெரிய பயமே. எங்க அப்பா என்னய எதுக்க உக்கார வெச்சு ஒரு வார்த்த பேசுனதில்லீங்க. இன்னொண்ணு படிங்க மாமா."

சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டிய இடம் கண்ணாடி இல்லை.

"மட்டம்னு எனக்கும் தெரியுமுங்க மாப்ளே" என்றார். "ஆனா எந்திரிச்சுப் போகாம உக்காந்து கேட்டது நீங்க ஒருத்தர்தானுங்க. அதுக்காகவே எழுதிட்டிருந்தேன்."

இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து மேகலை இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். குடித்து முடித்ததும் பெரியவர் அடுத்த தாளைப் புரட்டினார். அது ஃபியூஸ் கட்டையைப் பற்றிய கவிதை, கொஞ்சம் நீளம். படித்து முடித்து நிமிர்ந்து பார்த்தார்.

"அருமைங்க மாமா" என்றான் அர்த்தநாரி.

சென்னியப்பன் எட்டி அவன் மணிக்கட்டைப் பார்த்தார். "பட்டை அணைஞ்சு போச்சாட்ட இருக்குதுங்க மாப்ளே" என்று சொல்லி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.